அமுக்கிப் போட்ட பாட்டு

“மேடம், எம் பாட்டு செத்துப் போச்சு.”

நிலோஃபர் நாற்காலியைத் திருப்பவில்லை.

“எப்போ?”

“அதான் தெரியல. போன மாசம் வரைக்கும் உசுரோடதான் கெடந்துச்சு.”

“என்ன குடுத்தீங்க?”

“கம்ப்ரெசர்.”

“எத்தனை?”

சூசைமாணிக்கம் விரல்விட்டு எண்ணினார். ஒரு கை போதவில்லை.

“ஏழு. கடைசியா தலைக்கு மேல ஒரு லிமிட்டர்.”

“அப்புறம் எப்படிப் பிழைக்கும்?” என்றாள் அவள்.

இந்தக் கதையில் குருவுக்கு வயது முப்பத்தொன்று, சீடருக்கு ஐம்பத்தேழு. மாற்றிச் சொல்லிவிட்டேன் என்று நினைத்துவிடாதீர்கள். உள்ளது அதுதான்.

சாலிகிராமத்தில் ஒரு தையல்கடைக்கு மேல் நிலோஃபரின் அறை. பாட்டுகள் ஊருக்குள் போவதற்கு முன் கடைசியாக அங்கே வந்து நிற்கும். அவள் கேட்பாள், குறைநிறை பார்ப்பாள், பொட்டு வைத்து அனுப்பி வைப்பாள். அந்த வேலைக்கு மாஸ்டரிங் என்று பெயர். அதிகம் பேசமாட்டாள். கேட்பதற்குத்தான் அவளிடம் வருகிறார்கள், அவள் பேசுவதைக் கேட்பதற்கு அல்ல.

சூசைமாணிக்கம் தூத்துக்குடிப் பக்கம் முப்பது வருஷம் மைக் செட் போட்டவர். கல்யாணம், சடங்கு, கோயில் கொடை, தேர்தல் எதையும் விட்டதில்லை. பனைமரத்தில் அவர் குழாய் ஸ்பீக்கரைக் கட்டினால் மூன்று ஊர் தள்ளிப் படுத்திருப்பவனும் எழுந்து உட்கார வேண்டும். அவர் படித்த வேதம் அது ஒன்றுதான். ஐம்பது தாண்டியபிறகு கம்ப்யூட்டரைப் பிடித்து, பாட்டுப் பதிவும் மிக்ஸிங்கும் கற்றுக்கொண்டு சென்னைக்கு வந்தார். மூன்று மாதமாகச் சனிக்கிழமை தவறாமல் நிலோஃபரிடம் பாடம். இன்று சனிக்கிழமைகூட இல்லை. ஓடி வந்திருந்தார்.

கம்ப்ரெசர் என்றதும் ஃப்ரிட்ஜுக்குப் பின்னால் உறுமுகிறதே, அதை நினைக்காதீர்கள். இது பாட்டுக்காரர்களின் சாமான். சத்தம் எங்கே எகிறுகிறதோ அங்கே தலையில் ஒரு தட்டுத் தட்டும். எகிறியது அடங்கிவிட்டால் மொத்தத்தையும் தூக்கி நிறுத்தலாம், மெல்லிசாக இருந்ததும் மேலே வரும். லிமிட்டர் அதற்கு மூத்தது. இதற்கு மேல் ஒரு இம்மி போகக்கூடாது என்று கூரை போட்டுவிடும். இரண்டும் நல்ல சாமான்கள்தான். கத்தியும் நல்ல சாமான்தான்.

“போட்டுக் காட்டுங்க,” என்றாள் நிலோஃபர்.

போட்டார்.

சாதாரணமாக ஒரு பாட்டைத் திரையில் பார்த்தால் மேடும் பள்ளமுமாக இருக்கும். இது ஜெயில் மதில் மாதிரி இருந்தது. ஆரம்பத்திலிருந்து கடைசிவரை ஒரே உயரம்.

நாலு நிமிஷமும் அவள் அசையவில்லை.

“யார் பாடினது?”

“தங்கபுஷ்பம். உப்பளத்துல வேலை. நாப்பத்தாறு வயசு. ஸ்டுடியோவையே இப்பத்தான் மொத மொதல்ல பாக்கா.”

“கூடப் பாடறவங்க?”

“எட்டுப் பொம்பளையாளுவ. அதே அளம்தான். கூட அடிக்க ஒரு தப்பு மேளம்.”

“இதுல எது முக்கியம்?”

“எல்லாமே முக்கியம் மேடம்!”

நிலோஃபர் திரையையே பார்த்தாள். அவள் ஒன்றும் சொல்லாவிட்டால் சூசைமாணிக்கத்துக்குப் பயம் வந்துவிடும். மடமடவென்று எல்லாவற்றையும் கொட்டினார்.

பாட்டுத் தொகுப்பு ஒன்று வருகிறது. வேலைசெய்கிறவர்கள் பாடும் பாட்டாகப் பதினொன்று. தயாரிப்பாளர் வெங்கடபதி எந்தப் பாட்டையும் தன் காரில் வைத்துத்தான் கேட்பார். கண்ணாடியை ஏற்றி, ஏசியை அணைத்து, கண்ணை மூடிக்கொள்வார். முன்னால் ஓடிய பாட்டைவிடச் சத்தம் கம்மியாக இருந்தால் வேண்டாமென்று கையை ஆட்டிவிடுவார். உப்பளப் பாட்டு முதல் தடவை போனபோது கையை ஆட்டினார். சூசைமாணிக்கம் திரும்பி வந்து ஏழு கம்ப்ரெசரையும் போட்டு அமுக்கி, உரலில் இடித்த மாதிரி இடித்துக் கொண்டுபோனார். சத்தம் மூன்று ஊருக்குக் கேட்டது.

“சத்தம் சரி,” என்றார் வெங்கடபதி. “ஆனா பிடிக்கல.”

“ஏன் சார்?”

“தெரியல. பிடிக்கல.”

இன்று நாலு மணிக்குக் கடைசித் தடவை. இதுவும் தேறாவிட்டால் பாட்டைத் தூக்கிவிட்டுப் பத்தோடு வெளியிட்டுவிடுவார்கள்.

“தங்கம் அளம் பூரா சொல்லி வச்சிருக்கா மேடம். காலையில ஆறு மணிக்கெல்லாம் போனு. ‘அண்ணாச்சி, பாட்டு வந்துட்டா?’னு. நான் என்னத்தச் சொல்ல? உன் பாட்ட நானே கொன்னுட்டேன்னா?”

சொல்லிவிட்டுப் புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நிலோஃபர் நாற்காலியை இப்போதுதான் அவர் பக்கம் திருப்பினாள்.

“என்ன வேணும்ணே உங்களுக்கு?”

“நம்பரு. எதை எத்தனையில வைக்கணும்னு ஒரு தாள்ல எழுதிக் குடுங்க. அப்படியே வச்சுட்டுப் போயிருதேன்.”

மணி பத்து.

*

மேசை ஓரத்தில் ஓர் இரும்புப் பெட்டி இருந்தது. நாலு குமிழ், ஒரு முள், ஒரு குட்டி விளக்கு. நிலோஃபரின் சொந்தக் கம்ப்ரெசர். அதை அவள் இதுவரை யாரையும் தொடவிட்டதில்லை.

“உட்காருங்க,” என்றாள்.

“இதுலயா?” சூசைமாணிக்கம் வேட்டியில் கையைத் துடைத்துக்கொண்டார்.

“அக்காவோட குரல் மட்டும் ஓடுது. நீங்க பதிவு பண்ணினப்ப எப்படி இருந்துச்சோ அப்படியே. அவங்க முகம் உங்க கண்ணு முன்னாடி வர்ற வரைக்கும் திருகுங்க.”

“நம்பரு?”

“கண்ணை மூடிக்குங்க. நான் கீழே போய் டீ வாங்கிட்டு வரேன்.”

போய்விட்டாள்.

சூசைமாணிக்கம் கண்ணை மூடினார். மாதாவே என்று முதல் குமிழைப் பிடித்தார்.

*வெள்ளை வெள்ளையா வெளஞ்சிருக்கு*
*வெயிலுக்குப் பொறந்த பிள்ளை…*

ஒரு நூல் வலது பக்கம் திருப்பினார். ஒன்றும் இல்லை. இன்னும் ஒரு நூல்.

ஆ!

தொண்டை தெரிந்தது. தங்கபுஷ்பத்தின் தொண்டைக்குள் வெயில் காய்ந்து கிடப்பது தெரிந்தது. இரண்டாவது குமிழுக்குப் போனார். இப்போது வளையல் கேட்டது. பாடும்போது அவள் கையை ஆட்டியிருக்கிறாள், இரண்டு பிளாஸ்டிக் வளையல் ஒன்றோடொன்று இடித்திருக்கிறது. இத்தனை நாள் இது எங்கே போய் ஒளிந்திருந்தது?

மூன்றாவது குமிழ். ஒரு வரிக்கு ஒரு தரம் குரல் கொஞ்சம் விலகிப் போனது. ஏனென்று யோசித்தவருக்குச் சட்டென்று புரிந்தது. உப்பு வாருகிறாள்! பலகையைப் பிடித்து இழுக்கும்போது உடம்பு எப்படித் திரும்புமோ, அப்படி மைக் முன்னாலும் திரும்பியிருக்கிறாள். இருபது வருஷம் அப்படியே பாடிப் பழகியவள் வேறெப்படிப் பாடுவாள்?

நாலாவது குமிழ்.

‘வெயிலுக்கு’ என்ற சொல்லுக்கும் ‘பொறந்த’ என்ற சொல்லுக்கும் நடுவே அவள் மூச்சு வாங்கினாள். சின்ன மூச்சு. சூசைமாணிக்கம் குமிழை விட்டுக் கையை எடுத்துவிட்டார். அவருடைய ஏழு கம்ப்ரெசர் மிக்ஸிங்கில் இந்த மூச்சு பாம்பு சீறுகிற மாதிரி இருந்தது. இப்போது மூச்சு மூச்சாக இருந்தது. குனிந்து நிமிர்ந்த ஒரு பெண் பக்கத்தில் நின்று வாங்கும் மூச்சு.

நிலோஃபர் கதவைத் திறந்தபோது நாற்பது நிமிஷம் ஆகியிருந்தது. சூசைமாணிக்கம் குதித்து எழுந்தார். கன்னமெல்லாம் ஈரம்.

“வந்துட்டா மேடம்! வந்து முன்னால நிக்கா! இந்தக் கையப் பாருங்க, முடியெல்லாம் எந்திரிச்சு நிக்கி! இது பெட்டி இல்ல மேடம், இது தெய்வம்!”

நிலோஃபர் இரண்டு டீயையும் மேசையில் வைத்தாள். பெட்டியைக் காட்டினாள்.

“அந்த விளக்கு என்ன நிறத்துல எரியுது?”

குனிந்து பார்த்தார்.

“எரியலயே.”

“எரிஞ்சாத்தான் பாட்டு அது வழியாப் போகும்.”

சூசைமாணிக்கம் விளக்கைப் பார்த்தார். முள்ளைப் பார்த்தார். முள் படுத்த இடத்திலேயே படுத்திருந்தது.

“அப்போ நாப்பது நிமிஷமா நான் திருகுனது?”

“சும்மா திருகினீங்க.”

அவருக்கு முகம் சுண்டிப்போனது. முப்பது வருஷம் மைக் செட் போட்டவன் ஓடாத பெட்டியைத் திருகிவிட்டுத் தெய்வம் என்கிறான். ஊரில் தெரிந்தால் உப்பைப் போட்டு ஊறுகாய் போட்டுவிடுவார்கள்.

மெதுவாகக் கேட்டார்.

“வளையச் சத்தம் கேட்டுச்சே?”

“அது இருந்துச்சு.”

“அவ மூச்சு?”

“அதுவும் இருந்துச்சு.”

“இருந்துச்சுன்னா ரெண்டு வாரமா எனக்கு ஏன் கேக்கல?”

“ரெண்டு வாரமா எதைக் கேட்டுட்டு இருந்தீங்க?”

சூசைமாணிக்கம் கன்னத்தைத் துடைத்துக்கொண்டார்.

“சத்தத்த,” என்றார்.

நிலோஃபர் டீயை அவர் பக்கம் தள்ளினாள்.

*

அதற்குப் பிறகு அவரைப் பிடித்து நிறுத்த முடியவில்லை. சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு தன் மிக்ஸிங்கைத் திறந்தார். ஏழு கம்ப்ரெசரையும் ஒவ்வொன்றாகக் கழற்றினார். கல்யாண வீட்டில் தங்கிவிட்ட விருந்தாளிகளை வழியனுப்புகிற மாதிரி இருந்தது. ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம் இருந்தது, ஒவ்வொன்றும் போனபிறகுதான் வீடு விசாலமானது.

ஆறு போயிற்று. ஏழாவதில் கை நின்றது.

“மேடம், இதையும் எடுத்தா அவ திரும்புற எடத்துல வார்த்தை விழுந்து போவுது. என்ன பாடுதானு தெரியாது.”

“அப்போ அது இருக்கட்டும்.”

“இருக்கலாமா?”

“அதுக்கு ஒரு வேலை இருக்கே.”

அதற்கும் திரையில் ஒரு குமிழ், ஒரு முள், ஒரு விளக்கு இருந்தன. அவர் திருகினார். நேராகப் பார்த்துப் பாடிய சொற்கள் கொஞ்சமே கொஞ்சம் அடங்கி, திரும்பிப் பாடிய சொற்களுக்கு இடம் கொடுத்தன. இந்தத் தடவை விளக்கு எரிகிறதா என்று மூன்று முறை பார்த்துக்கொண்டார். எரிந்தது. முள் லேசாகத் தலையாட்டியது.

“வேலை செய்யுதானே தெரியல மேடம்.”

“தெரியணுமா?”

அவர் சிரித்துவிட்டார். காலையில் அழுதுகொண்டு வந்தவர்.

மிச்சம் லிமிட்டர் மட்டும். அதில் கை வைக்க மறுத்துவிட்டார்.

“இது மட்டும் கெடக்கட்டும். இத எடுத்தா சத்தமே போயிரும். கார்ல கையை ஆட்டிருவாரு. ஒங்களுக்கு அந்த மனுசனத் தெரியாது.”

நிலோஃபர் வாதாடவில்லை.

“சரிண்ணே. மேசைக்கு அடியில ஒரு கறுப்பு ஒயர் தொங்குது பாருங்க. அதை வலது பக்க ஓட்டையில சொருகுங்க.”

சூசைமாணிக்கம் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மேசைக்கு அடியில் நுழைந்தார். ஒயர்கள் நூடுல்ஸ் மாதிரி கிடந்தன. கறுப்பே பத்து இருந்தது.

“எந்தக் கறுப்பு மேடம்?”

பதிலுக்கு மேலே பாட்டு ஓட ஆரம்பித்தது. அவள் லிமிட்டரை நிறுத்திவிட்டாள் என்பது அவருக்குத் தெரியாது.

தங்கபுஷ்பம் தனியாகப் பாடினாள். வெள்ளை வெள்ளையா. வெயிலுக்கு. மூச்சு. பொறந்த பிள்ளை. அவர் ஒயரை மறந்து, நாலுகாலில் அப்படியே நின்று கேட்டார். குரல் இறங்கி இறங்கி, முணுமுணுப்பாகி, இனி ஒன்றும் இல்லை என்ற இடத்துக்கு வந்து நின்றது.

எட்டுப் பெண்களும் ஒன்றாகப் பிடித்துக்கொண்டார்கள். தப்பில் முதல் அடி விழுந்தது.

“அடி சக்கை!” என்று துள்ளி எழுந்தார் சூசைமாணிக்கம்.

மடேர்!

மேசை குலுங்கியது. டீ கிளாஸ் இரண்டும் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டன.

“லிமிட்டர்,” என்றாள் நிலோஃபர்.

கொஞ்ச நேரம் மேசைக்கு அடியில் சத்தமே இல்லை. அவளுக்கே கவலை வந்து குனிந்து பார்த்தாள். சூசைமாணிக்கம் இரண்டு கையாலும் உச்சந்தலையைப் பிடித்துக்கொண்டு, வயிறு குலுங்கக் குலுங்கச் சிரித்துக்கொண்டிருந்தார்.

“ரெண்டு வாரம்! ரெண்டு வாரமா அந்தத் தப்புக்காரன இதுக்குள்ளதான் மேடம் ஒக்கார வச்சிருந்தேன்!”

“வெளிய வாங்கண்ணே.”

தலையைத் தேய்த்துக்கொண்டே வந்தார். வீக்கம் எழும்பியிருந்தது.

“அப்போ கூரையே வேண்டாமா?”

“மழை பெய்யாதா?”

“பெய்யும்.”

“கூரை வேணும். எந்திரிச்சு நிக்கிற உயரத்துல.”

கடைசிவரை ஓட்டிப் பார்த்தார்கள். முடியும் இடத்தில் எட்டுப் பேரும் கத்தி, தப்பும் ஓங்கி அடிக்கும் ஓர் அடி மட்டும் எல்லை மீறி வெடித்தது. அந்த அடிக்கு மேலே லிமிட்டரைக் கொண்டுபோய் நிறுத்தினார். மற்ற அடிகள் எதற்கும் தலை தட்டவில்லை.

திரையைப் பார்த்தார். மதில் போய்விட்டது. மேடும் பள்ளமுமாக, பாத்தி பாத்தியாகக் கிடந்தது. பார்க்கப் பார்க்க ஆசையாக இருந்தது. பிறகு சத்தத்தின் அளவைப் பார்த்தார்.

“மேடம்.”

“ம்.”

“சத்தம் பாதிதான் இருக்கு.”

“ஆமா.”

“இதுக்கு முன்னால ஓடுற பாட்டு இடி மாதிரி இருக்கும். அது முடிஞ்சு இது வந்தா, பாட்டு வந்துச்சா இல்லையானே அவருக்குத் தெரியாது.”

“ஆமா.”

“ஒரு வார்த்தைக்காவது இல்லைன்னு சொல்லுங்களேன்!”

நிலோஃபர் விசைப்பலகை மேல் கையை வைத்தாள்.

“ஏத்திரவா? ஒரு நிமிஷ வேலை. பழைய உயரத்துக்கே கொண்டுபோயிடலாம்.”

மூன்றேகால் மணி. சூசைமாணிக்கம் அவள் விரலையே பார்த்தார். காலை ஆறு மணிக்கு வரும் போனை நினைத்தார். பாட்டைத் தூக்கிவிட்டார்கள் என்று தங்கத்திடம் எப்படிச் சொல்வது? ஏற்றினால் ஒருவேளை பிழைக்கும். பிழைத்து, பாம்பு மாதிரி சீறிக்கொண்டு அளத்துக்குப் போகும். தங்கபுஷ்பம் அதைக் கேட்டு, ஓ, நான் இப்படித்தான் பாடுகிறேன் போல என்று நினைத்துக்கொள்வாள். அதை அவரால் தாங்க முடியவில்லை.

“வேண்டாம்,” என்றார்.

அவள் கையை எடுத்துக்கொண்டாள்.

“ஏதாவது சொல்லி அனுப்புங்க மேடம். அவர்ட்ட எப்படி எடுத்துச் சொல்லட்டும்?”

“பாட்டு முடியற வரைக்கும் வாயைத் திறக்காதீங்க.”

“ஒரு வார்த்தகூடவா?”

“தலைக்கு ஐஸ் வையுங்க,” என்று சொல்லிவிட்டு நிலோஃபர் நாற்காலியைத் திருப்பிக்கொண்டாள்.

*

வெங்கடபதியின் கார் அலுவலக வாசலில் நிழலாகப் பார்த்து நின்றது. அவர் முன் சீட்டில் சாய்ந்திருந்தார். நல்ல மனிதர். ஆனால் சீட்டில் உட்கார்ந்துவிட்டால் நீதிபதி.

“வாங்க அண்ணாச்சி. தலையில என்ன?”

சூசைமாணிக்கம் கையால் மேசை மாதிரி காட்டிவிட்டு, பக்கத்தில் ஏறிக் கதவைச் சாத்தினார்.

வெங்கடபதி பதினோரு பாட்டையும் வரிசையாக வைத்திருந்தார். உப்பளப் பாட்டு ஐந்தாவது. அதற்குப் பின்னால் ஆறாவதாக லாரிப் பாட்டு. அந்த லாரிப் பாட்டு என்றால் அவருக்கு உயிர். அடித்தால் அப்படி அடிக்க வேண்டும் என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்வார்.

கண்ணாடிகள் ஏறின. ஏசி நின்றது. வெங்கடபதி கண்ணை மூடிக்கொண்டார்.

நாலாவது பாட்டின் கடைசி அரை நிமிஷம் இடி இடித்துவிட்டு ஓய்ந்தது.

தங்கபுஷ்பம் தொடங்கினாள்.

வெங்கடபதி ஒரு கண்ணைத் திறந்தார்.

“என்ன அண்ணாச்சி, திரும்பவும் சத்தத்தைக் காணோம்?”

சூசைமாணிக்கம் நாக்கைக் கடித்துக்கொண்டார். சொல்வதற்கு நூறு இருந்தது. வளையலைச் சொல்லலாம், மூச்சைச் சொல்லலாம், மேசையைச் சொல்லலாம்.

வெங்கடபதியின் கை முன்னால் நீண்டது.

போச்சு, நிறுத்தப் போகிறார். சூசைமாணிக்கம் இறுக்கிக் கண்ணை மூடினார். தங்கம், மன்னிச்சுக்கோ தாயி.

பாட்டு நிற்கவில்லை.

கண்ணைத் திறந்து பார்த்தார். வெங்கடபதியின் விரல்கள் வால்யூம் குமிழைப் பிடித்திருந்தன. வலது பக்கம் கொஞ்சம் திருப்பின. போதவில்லை. இன்னும் கொஞ்சம் திருப்பின. மனிதர் சீட்டிலிருந்து முதுகை எடுத்து, பக்கத்து வீட்டு ரகசியத்தைக் கேட்கிறவர் மாதிரி முன்னால் சாய்ந்தார்.

*வெயிலுக்கு…*

மூச்சு.

வெங்கடபதி தன் மூச்சை நிறுத்திக்கொண்டார்.

*…பொறந்த பிள்ளை.*

குரல் இறங்கியது. முணுமுணுப்பானது. வெங்கடபதியின் காது ஸ்பீக்கருக்கு ஒரு சாண் தூரத்தில் இருந்தது. இனி ஒன்றும் இல்லை என்ற இடம் வந்தது.

எட்டுப் பெண்களும் தப்பும் விழுந்தன.

“யம்மா!” என்று பின்னால் போய்ச் சீட்டில் மோதினார் வெங்கடபதி. கண்ணாடிகள் அதிர்ந்தன. கண் இரண்டும் விரிந்துவிட்டன. தொடையில் தாளம் போட ஆரம்பித்துவிட்டார், அதுவும் தப்புத் தப்பாக. சூசைமாணிக்கத்துக்குக் கூவ வேண்டும் போல இருந்தது. கதவைத் திறந்துகொண்டு தெருவில் ஓட வேண்டும் போல இருந்தது. வாயை உள்ளங்கையால் பொத்திக்கொண்டார்.

கடைசி அடி விழுந்து ஓய்ந்தது.

வெங்கடபதி ஏதோ சொல்ல வாயெடுத்தார்.

அதற்குள் லாரிப் பாட்டு வந்துவிட்டது. அவர் கூட்டி வைத்த சத்தத்திலேயே வந்தது. காருக்குள் நிஜமாகவே லாரி புகுந்த மாதிரி இருந்தது.

வெங்கடபதி அலறிக்கொண்டு குமிழைப் பாய்ந்து பிடித்து, சத்தம் அடியோடு அடங்கும்வரை இடது பக்கம் திருப்பினார்.

“யாருய்யா இவன்? காதைக் கிழிச்சுட்டான்!”

“சார்,” என்றார் சூசைமாணிக்கம். தன் பாட்டு முடிந்துவிட்டது, இனி பேசலாம். “அது ஒங்க லாரிப் பாட்டு.”

“காலையில கேட்டேனே. நல்லாத்தானே இருந்துச்சு?”

சூசைமாணிக்கம் குமிழ் மேல் இருந்த அவருடைய கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

வெங்கடபதியும் தன் கையைப் பார்த்தார்.

சத்தத்தைக் கூட்டியதும் அதே கைதான்.

“அண்ணாச்சி, இது அஞ்சாவது வேண்டாம்.”

சூசைமாணிக்கம் அவர் பக்கம் திரும்பினார். “தூக்கிருதியளா சார்?”

“முதல் பாட்டா வைங்க. மத்தப் பத்துப் பாட்டுக்காரங்களுக்கும் போன் போட்டு, இதுக்குத் தக்கபடி சத்தத்தை இறக்கிக் கொண்டு வரச் சொல்லுங்க.”